கணினியைப் பழுதுபார்க்கக் கொடுப்பதற்கு முன்னும் பின்னும்: சிங்கப்பூர் வாடிக்கையாளர்களுக்கான முழுமையான வழிகாட்டி

கணினிக் கடையின் முகப்பில் நின்று, வாடிக்கையாளர்களிடமிருந்து பழுதான கணினிகளை வாங்கி வைப்பதும் சரிசெய்தபின் திருப்பித் தருவதும் என் வேலை. பழுது பெரிதாக இல்லாத பல கணினிகளில், உரிமையாளர் முன்கூட்டியே செய்திருக்க வேண்டிய ஒரு சிறு வேலை விடுபட்டதால், கோப்புகள் போய்விடுவதையும் வேலை நாள்கணக்கில் இழுபடுவதையும் தொடர்ந்து பார்த்து வருகிறேன். ஆகவே, எதை முதலில் செய்ய வேண்டும், எதை அடுத்துச் செய்ய வேண்டும் என்ற வரிசைக்கே இந்த வழிகாட்டி முதலிடம் தருகிறது. சிம் லிம் ஸ்குவேரில் இருக்கும் கடைக்கும், வீவக புளோக்கின் கீழ்த்தளத்தில் இருக்கும் சிறு கடைக்கும் இந்த வரிசை ஒன்றே.

தொடங்குமுன் நான்கு பொருள்களை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்: வேலை செய்யும் கைப்பேசி, வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்று, தாளும் பேனாவும், கணினி வாங்கிய ரசீது.

1. உடனே அணைக்க வேண்டிய பழுதா என்று பாருங்கள்

மூன்று வகைப் பழுதுகளில், அடுத்து வரும் படிகள் எதையும் செய்யாமல் கணினியை உடனே அணைத்துவிட வேண்டும். அவற்றில் கணினி இயங்கும் ஒவ்வொரு நிமிடமும் சேதத்தைக் கூட்டும்.

முதலாவது, திரவம் சிந்துவது. பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணையுங்கள், சார்ஜரைக் கழற்றுங்கள், மடிக்கணினியைத் திறந்த நிலையிலேயே கவிழ்த்து வையுங்கள். நீரைவிட, சர்க்கரையும் பாலும் கலந்த கோப்பியும் தேநீரும் மோசமானவை, ஏனென்றால் அவை காய்ந்தாலும் படிவை விட்டுச்செல்கின்றன. அரிசி மூட்டைக்குள் வைப்பதால் பயனில்லை. முடி உலர்த்தியின் சூட்டைக் காட்டுவது உள்ளிருக்கும் பிளாஸ்டிக்கையும் கெடுக்கும். இன்றைய மடிக்கணினிகளில் பேட்டரி உள்ளேயே பொருத்தப்பட்டிருப்பதால், அணைத்த பின்னும் மதர்போர்டில் (கணினியின் முதன்மை மின்சுற்றுப் பலகையில்) மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். ஈரமும் மின்சாரமும் சேர்ந்து உலோகத்தை அரிக்கும். 'இரண்டு நாள் காயவைத்துப் பார்க்கலாம்' என்று எண்ணாமல் அன்றே கடைக்குக் கொண்டுசெல்லுங்கள். காய்ந்ததும் இயங்குகிறது என்று நிம்மதியடைந்து, சில வாரங்கள் கழித்து முற்றிலும் நின்றுபோன கணினியோடு வருபவர்கள் உண்டு.

இரண்டாவது, ஹார்ட் டிஸ்க்கிலிருந்து 'டிக், டிக்' என்று சீராக ஒலி வருவது. உள்ளே இருக்கும் முனை தகட்டின் மேல் உரசக்கூடிய நிலை அது. கோப்புகள் முக்கியமானவை என்றால் மீண்டும் மீண்டும் இயக்கிப் பார்க்காதீர்கள். தரவு மீட்பை மட்டுமே தொழிலாகச் செய்யும் இடத்துக்கு நேராகக் கொண்டுசெல்லுங்கள். சுழலும் தகடு இல்லாத எஸ்எஸ்டி வகைச் சேமிப்பகம் இப்படி முன்னறிவிப்புத் தராமலே நின்றுவிடக்கூடும்.

மூன்றாவது, பேட்டரி உப்புவது. டச்பேட் மேலெழும்பினாலோ, மூடி சரியாக மூடாவிட்டாலோ அதுவே காரணமாக இருக்கலாம். அழுத்தி மூட வேண்டாம். சார்ஜ் செய்ய வேண்டாம்.

2. மீட்புக் குறியீட்டைத் தேடி எடுத்து வையுங்கள்

வாடிக்கையாளர்கள் அதிகமாகத் தடுமாறும் இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

விண்டோஸ் 11 உள்ள பல மடிக்கணினிகளில், மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்தவுடனேயே சேமிப்பகம் முழுவதும் தானாகப் பூட்டப்பட்டுவிடுகிறது. ஹோம் பதிப்பில் இந்த வசதியின் பெயர் 'டிவைஸ் என்கிரிப்ஷன்'. புரோ பதிப்பில் 'பிட்லாக்கர்'. கணினி திருடு போனாலும் கோப்புகளை எவரும் படிக்க முடியாது என்பதால் இது நல்ல ஏற்பாடுதான். ஆனால் இந்தப் பூட்டின் சாவி மதர்போர்டில் உள்ள பாதுகாப்புச் சில்லோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. மதர்போர்டை மாற்றினால், சில வேளைகளில் பயோஸை (கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருளை) புதுப்பித்தால்கூட, கணினி நீல நிறத் திரையைக் காட்டி 48 இலக்க மீட்புக் குறியீட்டைக் கேட்கும். அந்த எண் இல்லாவிட்டால் கடைக்காரராலும் திறக்க முடியாது. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தாலும் அதை மீண்டும் உருவாக்கித் தர முடியாது. கோப்புகள் சேமிப்பகத்துக்குள்ளேயே பத்திரமாக இருந்தும் எவருக்கும் பயன்படாமல் போய்விடும்.

கணினி இன்னும் இயங்குகிறது என்றால் செட்டிங்ஸில் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி' பகுதிக்குச் சென்று, 'டிவைஸ் என்கிரிப்ஷன்' இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், கைப்பேசியிலிருந்து உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கின் இணையத்தளத்துக்குள் சென்று, சாதனங்கள் பட்டியலில் அந்தக் கணினிக்குரிய மீட்புக் குறியீட்டைத் தேடி எடுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட குறியீடுகள் தெரிந்தால் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள்; பின்னர் நீலத் திரை வந்தால், ஒவ்வொன்றின் பக்கத்திலும் இருக்கும் அடையாள எண்ணின் முதல் எட்டு எழுத்துகளை அந்தத் திரையில் தெரியும் அடையாள எண்ணோடு ஒப்பிட்டால், எது பொருந்தும் என்று தெரிந்துவிடும். எடுத்ததை அடையாள எண்ணோடு தாளில் எழுதி வீட்டில் வையுங்கள். அந்தத் தாளைக் கணினிப் பையில் வைக்க வேண்டாம்.

இங்கே நேரும் பெரிய சிக்கல், அந்தக் கணக்கு யாருடையது என்பதே தெரியாமல் இருப்பது. பெற்றோருக்குக் கணினி வாங்கித் தந்த பிள்ளைகள் தங்கள் மின்னஞ்சலைப் போட்டிருப்பார்கள். அல்லது வாங்கிய அன்று எவரோ புதிதாக ஒரு மின்னஞ்சல் முகவரியை உருவாக்கித் தந்திருப்பார்கள். கடவுச்சொல் எவருக்கும் நினைவிருக்காது. கணினி நன்றாக இயங்கும்போதே செட்டிங்ஸில் 'அக்கவுண்ட்ஸ்' பகுதியைத் திறந்து, எந்த மின்னஞ்சல் முகவரி அங்கே இருக்கிறது என்று பார்த்து, அதன் கடவுச்சொல் வேலை செய்கிறதா என்றும் இன்றே உறுதிசெய்துகொள்ளுங்கள். கணினி நின்றுபோன பிறகு அந்தக் கணக்கை மீட்கப் போராடுவது, பழுதுபார்ப்பதைவிட நீண்ட வேலை.

மேக்புக் வைத்திருப்பவர்கள் ஆப்பிள் கணக்கின் கடவுச்சொல்லையும், மேக்கின் சேமிப்பகப் பூட்டான ஃபைல்வால்ட் இயக்கத்தில் இருந்தால் அதன் மீட்புக் குறியீட்டையும் தயாராக வைத்திருக்க வேண்டும். அண்மை ஆண்டுகளில் வந்த மேக்புக்குகளில் சேமிப்புச் சில்லுகள் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருப்பதால், அவற்றைக் கழற்றி வேறு கணினியில் பொருத்திப் படிக்க வழியில்லை. மேக்புக் வைத்திருப்பவர்களுக்கு அடுத்த படி இன்னும் முக்கியமாவது இதனால்தான்.

அலுவலகம் கொடுத்த கணினியானால் அதன் குறியீடு அலுவலகத்தின் தகவல் தொழில்நுட்பப் பிரிவிடம் இருக்கும். அதை வெளிக்கடைக்குக் கொண்டுவரவே கூடாது. பள்ளி வழியாக வாங்கிய மாணவர் கற்றல் சாதனத்தில் பள்ளியின் நிர்வாகச் செயலி நிறுவப்பட்டிருக்கும் என்பதால், அதையும் எங்கே கொடுப்பது என்று முதலில் பள்ளியைக் கேளுங்கள்.

3. கோப்புகளை நகலெடுத்து, நகலைத் திறந்து பாருங்கள்

எந்தக் கடையும் கோப்புகளுக்குப் பொறுப்பேற்காது. ரசீதின் பின்புறத்தில் அப்படித்தான் அச்சிட்டிருக்கும். திரையை மாற்றும் சாதாரண வேலைக்குக் கொடுத்தாலும் நகல் எடுத்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும், ஏனென்றால் கணினியைத் திறக்கும்போது இன்னொரு பழுது வெளிப்படுவது அரிதன்று.

டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் ஆகிய நான்கு கோப்புறைகளைப் பெரும்பாலானோர் மறப்பதில்லை. மறப்பவை வேறு. அவுட்லுக்கில் சேமித்த பழைய மின்னஞ்சல்கள், கணக்கு எழுதும் மென்பொருளின் தரவுக் கோப்பு, உலாவியின் புத்தகக்குறிகள் ஆகியவை தனித்தனி இடங்களில் இருக்கின்றன. சிறு வணிகம் நடத்துவோர் கணக்கு மென்பொருளுக்குள்ளேயே இருக்கும் நகலெடுக்கும் வசதியைப் பயன்படுத்துவது நல்லது. கோப்புறையை மட்டும் நகலெடுத்தால் பிறகு அது திறக்காமல் போகலாம்.

தமிழில் தட்டச்சு செய்வோர் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. இன்று எல்லாக் கணினிகளும் பின்பற்றும் யூனிகோடு எழுத்துமுறைக்கு முந்தைய பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்புகளைத் திறக்க அந்த எழுத்துரு கணினியில் இருக்க வேண்டும். விண்டோஸைப் புதிதாக நிறுவினால் அந்த எழுத்துரு போய்விடும்; கோவில் அழைப்பிதழ், சங்க ஆண்டறிக்கை எல்லாம் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். கோப்பு கெட்டுவிட்டதென்று எண்ணி அதை அழித்தவர்களும் இருக்கிறார்கள். விண்டோஸின் 'ஃபாண்ட்ஸ்' கோப்புறையிலிருந்து அந்த எழுத்துருவையும் வெளி டிஸ்க்கில் நகலெடுத்து வையுங்கள்.

நகலெடுக்கும்போது நேரும் பிழைகளில் மூன்றைச் சொல்ல வேண்டும்.

டெஸ்க்டாப்பில் இருக்கும் படவுருக்களில், இடது கீழ்மூலையில் சிறு அம்புக்குறி இருந்தால் அது கோப்பு அன்று. கோப்பு இருக்கும் இடத்தைக் காட்டும் குறுக்குவழி மட்டுமே. அதை நகலெடுத்தால் வெறும் வழிகாட்டிப் பலகைதான் கிடைக்கும். ஒரு கோப்புறையில் பல நூறு புகைப்படங்கள் இருந்தும் வெளி டிஸ்க்கில் சில கிலோபைட் மட்டுமே ஏறியிருந்தால் இதுதான் நடந்திருக்கிறது.

மைக்ரோசாஃப்ட்டின் இணையச் சேமிப்பகமான ஒன்டிரைவைப் பயன்படுத்துபவர்களின் கணினியில், மேகக் குறி தெரியும் கோப்புகள் கணினிக்குள் இல்லை. இணையத்தில் மட்டுமே இருக்கின்றன. அவற்றை முதலில் கணினிக்குள் இறக்கிக்கொண்டுதான் நகலெடுக்க வேண்டும். மேலும், ஒத்திசைவு வேறு, நகல் வேறு. ஒத்திசைக்கப்படும் கோப்பைக் கணினியில் அழித்தால் இணையத்திலும் அழியும். குப்பைத் தொட்டியில் 30 நாள்கள் வரை இருக்கும் என்றாலும், அதை நம்பி இருக்கக் கூடாது. இலவசமாகக் கிடைக்கும் இடமும் சிறிது: ஒன்டிரைவில் 5 ஜிபி, கூகலில் 15 ஜிபி.

மூன்றாவது பிழை, நகலெடுத்த டிஸ்க்கைக் கணினிப் பையிலேயே போட்டுக் கடைக்குக் கொண்டுவருவது. பை தொலைந்தால் இரண்டும் சேர்ந்தே தொலையும். நகல் எடுத்து முடிந்ததும் டிஸ்க்கை வேறு கணினியில் செருகி, ஒரு புகைப்படம், ஓர் ஆவணம், ஒரு காணொளி என்று எடுத்துத் திறந்து பார்த்துவிட்டு, அதை வீட்டிலேயே வையுங்கள். திறந்து பார்க்காத நகலை நான் நகலாகக் கணக்கில் எடுப்பதில்லை.

கணினி இயங்கவே இல்லையென்றால், 'முதலில் சேமிப்பகத்தைக் கழற்றிக் கோப்புகளை நகலெடுங்கள், பிறகு பழுதைப் பாருங்கள்' என்று கடையில் கேட்டு, அதை ரசீதிலும் எழுதச் சொல்லுங்கள். பூட்டப்பட்ட சேமிப்பகமானால் அப்போதும் 48 இலக்க எண் தேவைப்படும்.

4. கணக்குகளிலிருந்து வெளியேறி, கடைக்கென ஒரு பயனர் கணக்கை உருவாக்குங்கள்

2008ஆம் ஆண்டில் ஹாங்காங் நடிகர் ஒருவரின் அந்தரங்கப் படங்கள் இணையமெங்கும் பரவின. அவர் பழுதுபார்க்கக் கொடுத்த மடிக்கணினியிலிருந்து அவை நகலெடுக்கப்பட்டிருந்தன. அதில் தொடர்புடைய தொழில்நுட்பர் 2009இல் சிறைக்குச் சென்றார். இத்தொழிலில் இருப்பவர்களில் பெரும்பாலோர் நேர்மையானவர்கள் என்பது என் அனுபவம். ஆயினும், கையில் கொடுக்காத தகவல் கசிய வாய்ப்பே இல்லை என்பதால், இந்தப் படியைச் செய்துவிட்டால் எவருடைய நேர்மையையும் சோதித்துப் பார்க்க வேண்டிய நிலை வராது.

படங்களைப் பற்றி மட்டும் கவலைப்படுவது போதாது. டவுன்லோட்ஸ் கோப்புறையில் மசேநிதி அறிக்கை, வருமான வரி அறிவிப்பு, கடப்பிதழ் நகல், வேலை அனுமதி அட்டையின் படம் எல்லாம் கிடக்கும். மோசடிக்காரருக்கு அவற்றின் மதிப்பு அதிகம். நகல் எடுத்து உறுதிசெய்தபின் அவற்றைக் கணினியிலிருந்து நீக்கி, குப்பைத் தொட்டியையும் காலி செய்யுங்கள். இந்த வேலை மூன்றாம் படிக்குப் பின்னரே வர வேண்டும். வரிசை மாறினால் ஒரே பிரதியை அழித்துவிடுவீர்கள்.

அடுத்து உலாவி. குரோமில் சேமித்து வைத்த கடவுச்சொற்களை, கணினியின் பின் எண் தெரிந்த எவரும் திறந்து பார்க்க முடியும். ஆகவே உலாவியில் உங்கள் சுயவிவரத்தையே அந்தக் கணினியிலிருந்து அகற்றுங்கள். வாட்ஸ்அப்பைக் கணினியில் பயன்படுத்தியிருந்தால், கைப்பேசியில் இணைக்கப்பட்ட சாதனங்கள் பட்டியலுக்குச் சென்று அந்தக் கணினியை வெளியேற்றுங்கள். கணினி இயங்காத நிலையிலும் இதைச் செய்யலாம் என்பதைப் பலர் அறிவதில்லை. கூகல் கணக்கிலும் கைப்பேசி வழியாகவே குறிப்பிட்ட சாதனத்தை வெளியேற்ற முடியும்.

பின்னர் செட்டிங்ஸில் 'அக்கவுண்ட்ஸ்', 'அதர் யூசர்ஸ்' வழியாகச் சென்று புதிய பயனர் கணக்கொன்றை உருவாக்குங்கள். அது நிர்வாகி உரிமை இல்லாத சாதாரணக் கணக்காக இருக்கட்டும். திரை, விசைப்பலகை, ஒலி, கேமரா, வைஃபை ஆகியவற்றைச் சோதிக்க அது போதும். உங்கள் கோப்புறைகள் அதிலிருந்து திறக்காது. மென்பொருள் நிறுவ வேண்டிய பழுதாக இருந்தால் மட்டுமே நிர்வாகி உரிமை தேவைப்படும். பேட்டரி, கீல், விசிறி, திரை ஆகியவற்றை மாற்றுவதற்குக் கடவுச்சொல்லே தேவையில்லை. கேட்டால், எதற்காக என்று மரியாதையாகத் திருப்பிக் கேளுங்கள். தக்க காரணம் இருந்தால் சொல்வார்கள்.

மேக்புக்கைக் கொடுக்கும்போது கடையினர், தொலைந்த கணினியைத் தேட உதவும் 'ஃபைண்ட் மை' வசதியை அணைக்கச் சொல்வார்கள். அதை நீங்களே செய்யுங்கள். ஆப்பிள் கணக்கின் கடவுச்சொல்லைச் சொல்லிவிட்டுப் போக வேண்டாம்.

5. கடையைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் உத்தரவாதத்தைப் பாருங்கள்

உத்தரவாதக் காலம் முடியாத கணினியை வெளிக்கடையில் திறந்தால், பிறகு தயாரிப்பாளர் அந்தப் பழுதை ஏற்க மறுக்கக்கூடும். ஆகையால் முதலில் ரசீதையும், தயாரிப்பாளரின் இணையத்தளத்தில் வரிசை எண்ணையும் பாருங்கள். உத்தரவாதம் இல்லாதபோதுதான் கடை தேடும் வேலை தொடங்குகிறது.

விலையை மட்டும் கேட்காதீர்கள். பழுதைக் கண்டறியக் கட்டணம் உண்டா, சரிசெய்ய வேண்டாம் என்று முடிவெடுத்தாலும் அதைக் கட்ட வேண்டுமா, போடும் பாகம் அசலா மாற்றுத் தயாரிப்பா, அதற்கு எத்தனை நாள் உத்தரவாதம் என்று கேளுங்கள். தெளிவாகப் பதில் சொல்லும் கடை, பத்து வெள்ளி கூடுதலாகக் கேட்டாலும் ஏற்கத்தக்கது என்பது என் கருத்து.

6. முகப்பில் கணினியைக் கொடுக்கும்போது ரசீதை முழுமையாக்குங்கள்

பழுதை ஒரு தாளில் எழுதி எடுத்து வாருங்கள். 'வேலை செய்யவில்லை' என்பதைவிட, 'சார்ஜர் செருகியிருந்தால் இயங்குகிறது, கழற்றினால் உடனே அணைகிறது' என்பது தொழில்நுட்பருக்கு ஒரு மணி நேரத்தை மிச்சப்படுத்தும். திரையில் பிழைச் செய்தி வந்தால் கைப்பேசியில் படமெடுத்துக் காட்டுங்கள். சார்ஜ் ஏறாத பழுதென்றால் சார்ஜரையும் கொண்டுவாருங்கள், ஏனென்றால் பழுது அதிலேயே இருக்கலாம். மற்றபடி மெமரி கார்டு, மவுஸின் சிறு யூஎஸ்பி துண்டு, சிம் அட்டை ஆகியவற்றைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

ரசீதில் கணினியின் மாதிரியும் வரிசை எண்ணும், வெளியே ஏற்கெனவே உள்ள கீறல்களும், கொடுத்த துணைப்பொருள்களும், சொன்ன பழுதும் இருக்க வேண்டும். மூன்று வாக்கியங்களை நீங்களே கேட்டு எழுதச் சொல்லுங்கள்: குறிப்பிட்ட தொகைக்கு மேல் போனால் முதலில் அழைக்க வேண்டும், அனுமதியின்றிச் சேமிப்பகத்தை அழிக்கக் கூடாது, கழற்றிய பழைய பாகத்தைத் திருப்பித் தர வேண்டும். இரண்டாவது வாக்கியம் மிக முக்கியம். மென்பொருள் கோளாறு என்று வரும் கணினிக்கு விண்டோஸை அழித்து நிறுவுவதே விரைவான தீர்வு என்பதால், எதுவும் எழுதாவிட்டால் தொழில்நுட்பர் அதைச் செய்துவிடக்கூடும்.

அடையாள அட்டையைக் கொடுக்க வேண்டாம். 2019 செப்டம்பர் 1 முதல், சட்டப்படி தேவைப்படும் சூழல்களையோ ஒருவரை மிகத் துல்லியமாக அடையாளம் காண வேண்டிய சூழல்களையோ தவிர, நிறுவனங்கள் அடையாள அட்டை எண்ணைச் சேகரிப்பதும் அட்டையை வாங்கி வைத்துக்கொள்வதும் ஏற்கப்படுவதில்லை. பழுதுபார்க்கும் கடைக்குப் பெயரும் தொலைபேசி எண்ணும் போதும்.

தவிர்க்க முடியாமல் உங்கள் சொந்தக் கணக்கைத் திறக்கும் வழியைக் கொடுக்க வேண்டியிருந்தால், மைக்ரோசாஃப்ட் கணக்கின் கடவுச்சொல்லைச் சொல்லாதீர்கள்; கணினியின் பின் எண்ணை மட்டும் தற்காலிகமான ஒன்றாக மாற்றி அதைச் சொல்லுங்கள். பின் எண் அந்தக் கணினியில் மட்டுமே செல்லும். கடவுச்சொல்லோ உலகின் எந்த மூலையிலிருந்தும் உங்கள் மின்னஞ்சலைத் திறக்கும். பிறந்த தேதியையோ, ஏடிஎம் அட்டைக்கு வைத்திருக்கும் எண்ணையோ இதற்குப் பயன்படுத்த வேண்டாம். அது ஒரு சிறு ஒட்டுத்தாளில் எழுதப்பட்டுக் கணினியின் மேல் ஒட்டப்படும், கடையில் இருக்கும் அனைவரும் பார்ப்பார்கள் என்று எண்ணியே தேர்ந்தெடுங்கள்.

7. கணினி கடையில் இருக்கும் நாள்களில்

இந்நாள்களில் செய்ய வேண்டியது குறைவு. கடையிலிருந்து பேசுவதாகச் சொல்லி எவரேனும் அழைத்து, கைப்பேசிக்கு வந்த ஒருமுறைக் கடவுச்சொல்லைக் கேட்டால், இணைப்பைத் துண்டித்துவிட்டு ரசீதில் உள்ள எண்ணை நீங்களே அழையுங்கள். வங்கி, சிங்பாஸ் தொடர்பான எந்த எண்ணும் கணினியைப் பழுதுபார்க்கத் தேவைப்படாது.

8. திரும்பப் பெறும்போது கடையிலேயே சோதியுங்கள்

பணம் கட்டுவதற்கு முன் கணினியை முகப்பிலேயே இயக்கிப் பாருங்கள். முதலில் வரிசை எண், பிறகு ரேமின் அளவு, சேமிப்பகத்தின் அளவு. ரேம், சேமிப்பகம் ஆகியவற்றின் அளவை விண்டோஸில் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்', மேக்கில் 'அபவுட் திஸ் மேக்' காட்டும். தொடர்ந்து விசைகள், ஒலி, கேமரா, வைஃபை, எல்லா யூஎஸ்பி துளைகளும். எந்தப் பழுதுக்குக் கொடுத்தீர்களோ அதே சூழலை உருவாக்கிப் பார்ப்பதும் அவசியம்: பேட்டரியை மாற்றியிருந்தால் சார்ஜரைக் கழற்றிவிட்டு இயக்குங்கள், சூடாகும் பழுதென்றால் பத்து நிமிடமாவது காணொளி ஒன்றை ஓட விடுங்கள்.

விண்டோஸைப் புதிதாக நிறுவியிருந்தால், செட்டிங்ஸில் 'ஆக்டிவேஷன்' பக்கத்தைத் திறந்து உரிமம் செல்லுபடியாகிறதா என்று பாருங்கள். மதர்போர்டை மாற்றினால் உரிமத்தை மீண்டும் உறுதிப்படுத்த வேண்டி வரலாம். கேட்காமலே 'ஆபிஸ் இலவசமாகப் போட்டுத் தந்திருக்கிறோம்' என்று சொன்னால் ஏற்காதீர்கள். உரிமமற்ற ஆபிஸை இயங்கவைக்கும் சிறு செயலிகள் பலவும் வைரஸ் தடுப்பை அணைக்கச் சொல்பவை; அவற்றோடு வேறு என்ன உள்ளே வந்தது என்று எவராலும் சொல்ல முடியாது.

புதிய சார்ஜர் வாங்கினால் அதில் சிங்கப்பூரின் பாதுகாப்புக் குறி இருக்கிறதா என்று பாருங்கள்.

9. வீட்டுக்கு வந்ததும், கடவுச்சொல் எதையும் தட்டுமுன்

மகிழ்ச்சியில் உடனே வங்கிக் கணக்கைத் திறந்துவிடாதீர்கள். முதலில் நிறுவப்பட்ட செயலிகளின் பட்டியலைப் பாருங்கள். எனிடெஸ்க், டீம்வியூவர் போன்ற தொலைவிலிருந்து இயக்கும் செயலிகள் இருந்தால் நீக்குங்கள். தீய நோக்கமின்றி, பின்னாளில் உதவலாம் என்று எண்ணிக் கடையினர் அவற்றை நிறுவியிருக்கலாம். ஆயினும் திறந்தே இருக்கும் கதவு எவருக்கும் திறந்ததுதான்.

அடுத்து பயனர் கணக்குகளின் பட்டியல். நீங்கள் கடைக்கென உருவாக்கியதை நீக்குங்கள். தெரியாத வேறு கணக்கு இருந்தால் அதையும் நீக்குங்கள். பிறகு விண்டோஸ் செக்யூரிட்டியில் வைரஸ் பாதுகாப்புப் பகுதிக்குள் 'எக்ஸ்க்ளூஷன்ஸ்' பட்டியலைத் திறங்கள். வைரஸ் தடுப்பு தொடாமல் விட்டுவிட வேண்டிய கோப்புறைகளின் பட்டியல் அது. சாதாரண வீட்டுக் கணினியில் அது காலியாகவே இருக்க வேண்டும். அங்கே ஏதேனும் இருந்தால் அகற்றிவிட்டு, 'ஆஃப்லைன் ஸ்கேன்' செய்யுங்கள். கணினி மறுதொடக்கமாகிச் சுமார் 15 நிமிடம் எடுத்துக்கொள்ளும். விண்டோஸ் இயங்குவதற்கு முன்பே சோதிப்பதால், ஒளிந்துகொள்ளும் தீநிரல்களும் இதில் அகப்படும்.

இவையெல்லாம் முடிந்த பிறகே பின் எண்ணை மாற்றுவதும், உலாவியில் மீண்டும் உள்நுழைவதும். சேமிப்பகப் பூட்டு இன்னும் இயக்கத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். பழுதுபார்ப்பதற்காக அணைத்திருந்தால் மீண்டும் இயக்கி, புதிய மீட்புக் குறியீட்டை எழுதி வையுங்கள். பழைய தாளைக் கிழித்துவிடுங்கள்.

10. அன்றாடப் பாதுகாப்பு

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புப் புதுப்பிப்புத் திட்டத்தில் பதிவுசெய்த தனிப்பட்ட பயனருக்கு 2026 அக்டோபர் 13 வரை புதுப்பிப்புகள் கிடைக்கும். விண்டோஸ் 11க்குத் தகுதிபெறாத பழைய கணினியில், சோதனையைத் தாண்டி அதை நிறுவித் தரச் சில கடைகள் முன்வரும். அப்படி நிறுவிய கணினிக்குத் தொடர்ந்து புதுப்பிப்பு வரும் என்பதற்கு மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை என்பதை அறிந்து முடிவெடுங்கள்.

கடைக்கு வருபவர்களில் மிகுந்த அச்சத்தோடு வருவோர், திரை முழுவதும் எச்சரிக்கை தோன்றி, ஒலி அலறி, 'இந்த எண்ணை உடனே அழையுங்கள்' என்ற செய்தியைப் பார்த்தவர்கள். மைக்ரோசாஃப்ட்டின் உண்மையான எச்சரிக்கைகளில் தொலைபேசி எண் இருக்காது. அது வெறும் இணையப் பக்கம். எஸ்கேப் விசையை அழுத்திப் பிடித்து முழுத்திரையிலிருந்து வெளியேறி உலாவியை மூடுங்கள்; முடியாவிட்டால் பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணையுங்கள். மீண்டும் இயக்கும்போது பழைய பக்கங்களைத் திறக்கவா என்று உலாவி கேட்டால் மறுத்துவிடுங்கள்.

தொலைத்தொடர்பு நிறுவனத்திலிருந்து அழைப்பதாகச் சொல்லி, 'உங்கள் வைஃபை ஊடுருவப்பட்டிருக்கிறது' என்று தொடங்கும் அழைப்புகளும் இதே வகைதான். அவற்றின் முடிவு எப்போதும், தொலைவிலிருந்து இயக்கும் செயலியை நிறுவச் சொல்வதும் வங்கிக் கணக்கைத் திறக்கச் சொல்வதுமாகவே இருக்கும்.

ஏற்கெனவே இடம் கொடுத்துவிட்டால், முதலில் வைஃபையைத் துண்டித்துக் கணினியை அணையுங்கள். அடுத்து, வேறு சாதனத்திலிருந்து வங்கியின் மோசடித் தடுப்பு எண்ணை அழைத்து, கணக்கை முடக்கும் அவசர வசதியைப் பயன்படுத்துங்கள். மூன்றாவதாகக் காவல்துறையில் புகார். கணினியைக் கடைக்குக் கொண்டுவருவது இவற்றுக்குப் பின்னர்தான். பலர் கணினியைத் தூக்கிக்கொண்டு முதலில் எங்களிடம் ஓடிவருகிறார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் பணம் போய்க்கொண்டிருக்கும். மோசடிதானா என்று ஐயமாக இருக்கும்போது ஸ்கேம்ஷீல்ட் உதவி எண் 1799ஐ அழைத்துக் கேட்கலாம்.

வீட்டில் முதியவர்கள் பயன்படுத்தும் கணினியில் அவர்களுக்கு நிர்வாகி உரிமை இல்லாத கணக்கைக் கொடுத்து, நிர்வாகிக் கணக்கின் கடவுச்சொல்லைப் பிள்ளைகள் வைத்துக்கொள்வது நல்லது. செயலி நிறுவும் கட்டத்தில் கணினி கடவுச்சொல் கேட்டு நிற்பதால், ஒரு தொலைபேசி அழைப்புக்காவது இடைவெளி கிடைக்கும். அம்மா, அப்பாவிடம் இதை அவர்கள் மேல் உள்ள நம்பிக்கைக் குறைவாகத் தோன்றாதபடி எடுத்துச்சொல்லுங்கள்.

வெளி டிஸ்க்கை மாதம் ஒருமுறையாவது செருகி நகல் எடுத்து, எடுத்ததும் கழற்றிவிடுங்கள். எப்போதும் செருகியே இருக்கும் டிஸ்க்கை, பிணைத்தொகை கேட்கும் தீநிரல் கணினியோடு சேர்த்தே பூட்டிவிடும்.

11. தகராறு வந்தால், அல்லது சரிசெய்ய இயலாதென்றால்

வேலை சரியில்லையென்றால் முதலில் கடையிடமே எழுத்து வடிவில் கேளுங்கள். வாட்ஸ்அப் செய்தியும் எழுத்துதான். தீராவிட்டால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தை நாடலாம். அடுத்தது சிறு உரிமைகோரல் நடுவர் மன்றம்: 20,000 வெள்ளி வரையிலும், இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வெள்ளி வரையிலும் உள்ள கோரிக்கைகளை அது விசாரிக்கும்; இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். ஆறாம் படியில் சொன்ன ரசீது அங்கேதான் கைகொடுக்கும். கோப்புகளை அனுமதியின்றி எவரேனும் பார்த்ததற்குச் சான்று இருந்தால் அது கணினி முறைகேட்டுச் சட்டத்தின்கீழ் வரும் குற்றம், காவல்துறையிடம் செல்லுங்கள்.

கணினியைக் கைவிடுவதென்று முடிவானால், சேமிப்பகத்தைத் துடைக்காமல் எவருக்கும் கொடுக்காதீர்கள். இயங்கும் விண்டோஸ் கணினியில், சேமிப்பகப் பூட்டு இயக்கத்தில் இருக்கும்போதே 'ரீசெட் திஸ் பிசி' வழியாக எல்லாவற்றையும் நீக்கி, தரவைத் துடைக்கும் தெரிவையும் தேர்ந்தெடுங்கள். அதன்பின் மைக்ரோசாஃப்ட் அல்லது ஆப்பிள் கணக்கின் சாதனப் பட்டியலிலிருந்து அதை நீக்குங்கள். இயங்காத கணினியானால் சேமிப்பகத்தைக் கழற்றித் தரச் சொல்லி நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். கராங் குனிக்காரரிடம் சில வெள்ளிக்குப் போகும் கணினியில் சேமிப்பகம் உள்ளேயே இருந்தால், உங்கள் ஆவணங்களும் அதோடு போகின்றன.

2021 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள மின்கழிவுத் திட்டத்தின்படி, 300 சதுர மீட்டருக்கு மேல் பரப்புள்ள மின்பொருள் கடைகள் மின்கழிவைப் பெற்றுக்கொள்ளும் வசதியை வைத்திருக்க வேண்டும். கடைத்தொகுதிகளிலும் சமூக மன்றங்களிலும்கூடச் சேகரிப்புப் பெட்டிகளைக் காணலாம். பேட்டரி உப்பிய மடிக்கணினியை மட்டும் பெட்டிக்குள் தள்ளிவிடாமல், அதை எப்படி ஒப்படைப்பது என்று கடை ஊழியரிடம் கேட்டு அவர் சொல்கிறபடி செய்யுங்கள். எந்தக் கணினியையும் புளோக்கின் குப்பைக் குழாயில் போடாதீர்கள். நசுங்கும் லித்தியம் பேட்டரி தீப்பற்றும்.